கண்டவர் சொல்லட்டும், ஆராய்ந்தவர் விளக்கட்டும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் பெருஞ்சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை நெருங்க நெருங்க, இரவென்பது பெயரளவில் மட்டுமே இரவாக இருக்கும் ஒரு பிரதேசத்துக்குள் நாம் பிரவேசிக்கிறோம். மோட்டார் வாகனங்களும் டயர்களும் கைப்பேசிகளும் இராப்பகல் என்னும் பேதமின்றி உற்பத்தியாகும் தொழிற்சாலைகளின் மதில்களுக்குள் உயர்ந்து நிற்கும் கம்ப விளக்குகள், ஏரிகளின் மேலும் எஞ்சியுள்ள வயல்களின் மேலும் வெளிறியதோர் ஒளியைப் பரப்பி, நம் பாட்டன்மார் பெயர் சொல்லி அழைத்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றை நம் பார்வையிலிருந்து அகற்றிவிட்டன. மறையாமல் நிற்பவை சந்திரனும், சுக்கிரன், வியாழன் முதலிய சில கிரகங்களும், மிகப் பிரகாசமான சில நட்சத்திரங்களும், மீனம்பாக்கத்தை நோக்கி இறங்கும் விமானங்களின் விளக்குகளுமே. சுற்றியிருந்த கூட்டத்தையெல்லாம் இழந்து தனித்து நிற்கும் அந்த ஒளிகளில் ஒன்றை, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஓர் இளைஞர் ஏறிட்டுப் பார்த்து, இது என்னவாக இருக்கும் என்று திகைத்து நின்றாரானால், அவரைப் பார்த்து நகைப்பது நியாயமாகாது.

ஆயினும் நாம் நகைக்கிறோம். அல்லது, ஆராயாமலே நம்பிவிடுகிறோம். பறக்கும் தட்டு என்ற பேச்சு எழுந்த மாத்திரத்தில் நம்மிடையே இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. கண்டேன் என்பவரைப் பித்தர் என்று தள்ளுவது ஒரு கட்சியின் வழக்கம். வேற்றுக்கிரகவாசிகள் வந்துபோவதை அரசாங்கங்கள் மறைக்கின்றன என்று சாதிப்பது மற்றொரு கட்சியின் வழக்கம். கண்ட பொருள் யாது என்பதைப் பொறுமையோடு விசாரித்து, விசாரணையின் முடிவை ஊரறிய எடுத்துரைக்கும் காரியத்தை இரு கட்சியாரும் செய்வதில்லை. அதைச் செய்யவேண்டிய பொதுஸ்தாபனம் ஒன்றும் நம்மிடம் அமையவில்லை. அத்தகைய ஸ்தாபனத்தைத் தமிழ்நாடு ஏற்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டக்கூடிய ஒரு சிந்தனை, படப்பைக்கு வெகு தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டில் அவதரித்த இராமானுஜருடையது. கிளிஞ்சலைக் கண்டு வெள்ளி என்று ஒருவன் எண்ணுகிறானே, அந்த அறிவு எப்படிப்பட்டது என்ற கேள்வி நம் தரிசனங்களிலெல்லாம் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அவன் கண்டது முழுப் பொய் என்று அவர் தள்ளவில்லை. அறிவு அனைத்தும் உள்ள பொருளையே பற்றுகிறது, கிளிஞ்சலின் மினுமினுப்பில் வெள்ளிக்குரிய அம்சம் மெய்யாகவே இருக்கிறது, குறைவு நேர்வது அதைக் காட்டிலும் மிகுந்திருக்கும் மற்ற அம்சங்களைக் காணாது விட்டதால்தான் என்பது அவருடைய சித்தாந்தத்தின் போக்கு. பரம்பொருளைப் பற்றிய விசாரணைக்கு அங்கமாக எழுந்த இக்கொள்கையை வானத்து வெளிச்சங்களுக்குப் பொருத்துவது துணிச்சலாகத் தோன்றலாம். ஆனால் கண்டவரிடம் நாம் கொள்ளவேண்டிய மரியாதையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கொள்கை வேறில்லை. வானத்தில் ஒளியைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால், ஒளி இருந்தது என்பதில் ஐயமில்லை. அவர் காணாமல் விட்டது யாது என்று தேடுவதே விசாரணையின் தொழில்.

எங்கள் தெருவில் மாடி அறையொன்றில் குடியிருந்து, உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தென்மாவட்டத்து இளைஞர் ஒருவர், ஒரு மாலையில் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். திரையில், விளிம்பு துடிக்கும் வட்டத் தட்டு ஒன்று, நடுவே கோடுகளும் புள்ளிகளுமாக மிதந்துகொண்டிருந்தது. "நேத்தும் இதே இடத்துலதான் சார் நின்னுது. ட்ரோனா இருந்தா இவ்வளவு நேரம் சார்ஜ் தாங்குமா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த யுக்தி என்னைக் கவர்ந்தது. தெரு முனையிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் விளிம்பை அந்த ஒளி தொடும் நேரத்தை இருவரும் குறித்துக்கொண்டோம். மறுநாள் அதே விளிம்பை அது ஏறக்குறைய நான்கு நிமிஷம் முன்னதாகவே தொட்டது. நாள்தோறும் நான்கு நிமிஷம் முந்தி வருவது நட்சத்திர மண்டலத்தின் நடை. மனிதர் ஓட்டும் எந்த வாகனமும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. வெறுங்கண்ணுக்கு அசையாத புள்ளியாகத் தெரிந்த அதைக் கைப்பேசியின் லென்ஸ், குவியம் பிடிபடாமல், தட்டாக விரித்துக் காட்டியிருந்தது. அது வியாழன்.

அத்துடன் விஷயம் முடிந்துவிட்டது என்று கருதுவோர், அதன் சிறந்த பகுதியை இழந்துவிடுகிறார்கள். சாதாரணமான பைனாகுலர் ஒன்றைச் சுவரில் ஊன்றிப் பிடித்துப் பார்த்தால், வியாழனின் இருபுறமும் ஊசிமுனை போன்ற சிறு ஒளிகள் ஒரே கோட்டில் நிற்பதைக் காணலாம். 1610-இல் கலிலியோ கண்ட நான்கு சந்திரன்கள் அவை. அவற்றில் ஒன்றாகிய யூரோப்பாவின் பனி ஓட்டுக்கடியில், பூமியின் கடல்கள் அனைத்திலும் உள்ள நீரைவிட அதிகமான நீர் இருக்கக்கூடும் என்று விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். அங்கே ஜீவராசிகள் வாழ்வதற்கு ஏற்ற நிலைமைகள் உண்டா என்று ஆராய, 2024 அக்டோபர் 14 அன்று புறப்பட்ட 'யூரோப்பா கிளிப்பர்' என்னும் விண்கலம் 2030-இல் வியாழனை அடைய இருக்கிறது. வேற்றுலக உயிர்களின் வாகனத்தைக் கண்டுவிட்டதாக எண்ணிய அந்த இளைஞர், வேற்றுலக உயிர் உண்டா என்று மானிட ஜாதி தேடிச் செல்லும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கம் கிடைத்ததால் அவருடைய வியப்பு குன்றவில்லை, பன்மடங்கு பெருகியது.

தனி மனிதர் மட்டுமே இப்படித் திகைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2012 ஆகஸ்டு முதல் லடாக் எல்லையில், பாங்கொங் ஏரியை அடுத்த உயர்ந்த மலைப் பிரதேசத்தில் காவலிருந்த நம் வீரர்கள், அடிவானத்திலிருந்து மஞ்சள் நிற ஒளிகள் எழுந்து, பல மணி நேரம் மெல்ல நகர்ந்து மறைவதைக் கண்டு, ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். அண்டை நாட்டின் உளவு விமானங்களோ என்ற கவலை இயல்பாகவே எழுந்தது. ரேடார் கொண்டு தேடியும் எதுவும் அகப்படவில்லை. 2013 பிப்ரவரி வரையில் பதிவான காட்சிகள் 329. அவற்றில் 155 தடவை அந்த ஒளிகள் மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. இறுதியில், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரிடம் இவ்விஷயம் ஒப்படைக்கப்பட்டது. காட்சிகளின் நேரத்தையும் திசையையும் வானத்தின் நடையோடு ஒப்பிட்டுப் பார்த்த அவர்கள், மாலையில் தோன்றியது வியாழன், விடியற்காலையில் தோன்றியது சுக்கிரன் என்று தெரிவித்தார்கள். அந்த உயரத்தில் காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால், சமவெளியில் பழகிய கண்ணுக்குக் கிரகங்கள் அங்கே மிகைப் பிரகாசமாகத் தோன்றுகின்றன.

இச்செய்தி வெளியானபோது பலர் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம். பனியிலும் குளிரிலும் நின்றுகொண்டு, கண்டதைக் கண்டபடி நேரத்தோடு எழுதி வைத்த வீரர்கள் விஞ்ஞானத்தின் முதற் கடமையைச் செய்தார்கள். எழுதியதை வாங்கிச் சோதித்த வான சாஸ்திரிகள் இரண்டாம் கடமையைச் செய்தார்கள். பதிவேடு இல்லாதிருந்தால் வியாழன் என்ற விடையும் வந்திராது. ஆறு மாதக் கவலை ஆறு நாளில் தீர்ந்திருக்கக் கூடுமே, அந்த விசாரணைக்கு முன்கூட்டியே ஒரு வழி வகுத்து வைத்திருந்தால் என்பது ஒன்றே நாம் வருந்த வேண்டிய செய்தி.

அத்தகைய வழி இல்லாமையால் நேரும் குழப்பத்தை நாம் மீண்டும் மீண்டும் காண்கிறோம். 2016 பிப்ரவரி 6 அன்று, நாட்றம்பள்ளிக்கு அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் நேர்ந்த வெடிப்பில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தபோது, விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசே முதலில் அறிவித்தது. படங்களைப் பார்த்த அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், அது தரையில் நேர்ந்த வெடிப்பையே ஒத்திருக்கிறது என்று சொன்னார்கள். சோதனைக்கு முன்பே தீர்ப்பு வந்ததால், ஓர் ஏழைத் தொழிலாளியின் மரணம் உலகப் பத்திரிகைகளுக்கு ஒரு விநோதச் செய்தியாகிப் போயிற்று. 2023 ஜூலையில், முட்டுக்காடு கடற்கரையில் இனம் தெரியாத பொருள்களைக் கண்டு படமெடுத்ததாக, ஓய்வு பெற்ற காவல்துறை உயர் அதிகாரி ஒருவரே தெரிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 19 அன்று, இம்பால் விமான நிலையத்துக்கு மேல் ஏதோ ஒன்று தென்பட்டதால், சுமார் மூன்று மணி நேரம் அந்த வான்பகுதி மூடப்பட்டு, விமானங்கள் திருப்பப்பட்டு, விமானப்படையின் வான்காப்பு முறையும் முடுக்கப்பட்டது. காவல்துறை அதிகாரியும் விமான நிலையத்தாரும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லப் பழகியவர்கள். அவர்கள் சொல்லை வாங்கி, படத்தையும் நேரத்தையும் திசையையும் சோதித்து, இன்னதென்றோ இன்னதென்று துணிய இயலவில்லையென்றோ எழுத்தில் பதிலளிக்கும் ஓர் அலுவலகம், பொதுமக்கள் அணுகக்கூடிய இடத்தில் இருந்திருக்க வேண்டாமா?

பிரான்ஸ் தேசத்தில் அது இருக்கிறது. அந்நாட்டின் விண்வெளி ஆய்வு நிலையம் 1977-ஆம் ஆண்டிலேயே தூலூஸ் நகரில் இதற்கென ஒரு சிறு பிரிவை ஏற்படுத்தியது. வானத்தில் விநோதத்தைக் கண்ட குடிமகன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் வாக்குமூலம் அளிக்கலாம். அது தூலூஸுக்குச் செல்லும். விசாரணைக்குப் பின் ஒவ்வொரு சம்பவமும் நான்கு வகைகளில் ஒன்றில் சேர்க்கப்படும்: ஐயமற விளங்கியது, பெரும்பாலும் விளங்கியது, ஆதாரம் போதாதது, ஆதாரம் இருந்தும் விளங்காதது. 2007 முதல் அக்கோப்புகளை எவரும் படிக்கலாம். விளங்காதவை சிறு பங்கே என்றாலும், விளங்கவில்லை என்று எழுதி ஒப்புக்கொள்வதற்கு அந்த அரசாங்கம் கூசவில்லை. அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை நடத்திய 'புளூ புக்' விசாரணையில் 12,618 சம்பவங்கள் பதிவாகி, 701 விளங்காமல் எஞ்சின. ஆனால் அங்கே இராணுவ இரகசியமும் இவ்விசாரணையும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடந்தமையால், ஜனங்களின் சந்தேகம் இன்றளவும் தீரவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் நியமித்த குழு, வேற்றுலகத் தொடர்புக்கு ஆதாரம் ஏதும் கிட்டவில்லை என்று கூறியதோடு, கண்டதைச் சொன்னால் கேலிக்கு ஆளாவோம் என்ற அச்சமே நல்ல தகவல்கள் சேராமைக்கு ஒரு காரணம் என்றும் சுட்டிக்காட்டியது. கேலி உண்மையைக் காப்பாற்றுவதில்லை. அது சாட்சிகளின் வாயை அடைக்கிறது.

இவ்வளவு பிரயாசை எதற்கு, வேற்றுலக உயிர் என்பதே கட்டுக்கதைதானே என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நான் பணிவோடு சொல்ல விரும்புவது, இன்று உலகின் தலைசிறந்த விஞ்ஞானிகள் அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கவில்லை என்பதே. சூரியனைப் போன்ற பிற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றும் கிரகம் முதன்முதலாக 1995-இல் அறியப்பட்டது. முப்பது ஆண்டுகளில் சூரிய குடும்பத்துக்கு அப்பாலுள்ள கிரகங்களின் எண்ணிக்கை ஆறாயிரத்தை எட்டிவிட்டது. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023-இல் பூமிக்குக் கொண்டுவரப்பட்ட மண்ணில், நம் உடலின் புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களில் பதினான்கு காணப்பட்டன. உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்கள் பூமியின் ஏகபோகச் சொத்து அல்லவென்பது இதனால் விளங்குகிறது. அம்மூலப்பொருள்கள் வேறெங்கேனும் உயிராகத் திரண்டனவா என்பதுதான் தீராத கேள்வி.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே உயர்ந்த உதாரணங்கள் இருக்கின்றன. வான் இயற்பியல் விஞ்ஞானி ஜயந்த் நார்லிகரின் ஊக்கத்தால், 2005 ஏப்ரல் 20 அன்று ஹைதராபாத்திலிருந்து பெரும் பலூன் ஒன்று ஏவப்பட்டது. கிருமி நீக்கி, காற்றகற்றி மூடிய எஃகுக் குழாய்கள், இருபதிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர் வரையிலான உயரங்களின் காற்றைச் சேகரித்துத் திரும்பின. அவற்றிலிருந்து வளர்ந்த நுண்ணுயிர்களில் மூன்று அதுவரை அறியப்படாத புதிய இனங்கள். அவற்றுள் ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயரும், மற்றொன்றுக்கு உயிர்வித்துகள் விண்வெளியிலிருந்து வந்தன என்று வாதிட்ட ஃப்ரெட் ஹாயில் பெயரும் இடப்பட்டன. வேற்றுலக உயிரைக் கண்டோம் என்று பறைசாற்றுவதற்கு இதைவிடத் தக்க சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் 2009-இல் இஸ்ரோ வெளியிட்ட அறிவிப்பு, இவ்வாய்வு அந்நுண்ணுயிர்கள் விண்ணிலிருந்து வந்தவை என்பதை முடிவாக நிலைநாட்டவில்லை என்றும், தேடலைத் தொடர ஊக்கம் தருகிறது என்றும் மட்டுமே கூறியது. ஆசைக்கும் ஆதாரத்துக்கும் இடையே அவர்கள் இழுத்த கோடு அவ்வளவு நேரானது.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று இன்று கேம்பிரிட்ஜில் பேராசிரியராக விளங்கும் நிக்கு மதுசூதன், 124 ஒளியாண்டு தொலைவில் சிம்ம மண்டலத்திலுள்ள கே2-18பி என்ற கிரகத்தின் வாயு மண்டலத்தில், பூமியில் கடல் நுண்ணுயிர்களே பெரும்பாலும் உண்டாக்கும் ஒரு வாயுவின் அறிகுறி தெரிவதாக, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் துணைகொண்டு 2025 ஏப்ரலில் தெரிவித்தார். அந்த அறிகுறி தற்செயலாகத் தோன்றியிருப்பதற்கு ஆயிரத்தில் மூன்று பங்கு இடமுண்டு என்று அவர் குழுவினரே சொன்னார்கள். கண்டுபிடிப்பு என்று ஏற்க அது போதாது என்றும் சொன்னார்கள். அதே தரவுகளை மறுபடி அலசிய வேறு விஞ்ஞானிகள், அந்த அளவுக்குக்கூட உறுதியில்லை என்று மறுத்தார்கள். இவ்விவாதத்தில் எவரும் எவரையும் பித்தரென்றோ வஞ்சகரென்றோ ஏசவில்லை. படப்பை வானத்தைப் பற்றிய நம் பேச்சும் இதே ஒழுங்கில் நடக்கக் கூடாதா?

நடக்கும், அதற்குரிய பாரம்பரியமும் கருவிகளும் நமக்கு உண்டு. சென்னையில் 1792-லேயே வானாய்வு நிலையம் எழுந்தது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்ததோடு நில்லாமல், 1874-இல் சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லப்போவதைப் பாமரருக்கும் விளக்கும் பொருட்டு, நிகழ்ச்சிக்கு முன்பே இந்திய மொழிகளில் சிறுநூல் தயாரித்தார். ஜவ்வாது மலையின் காவலூர் நிலையம், 1977-இல் யுரேனஸ் கிரகத்தின் வளையங்களைப் பதிவு செய்த நிலையங்களில் ஒன்று. லடாக் ஒளிகளுக்கு விடை கண்ட அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனந்தான் காவலூரையும் கொடைக்கானலையும் நடத்தி வருகிறது. சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கத்தைக் கொண்ட தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. இவர்களையெல்லாம் ஒரு பொதுக் காரியத்தில் இணைப்பதற்கு அரசாணை ஒன்று போதும்.

அந்த அலுவலகம் செய்யவேண்டிய வேலை எளியது. கண்டவர் தமிழில் எழுதவோ பேசவோ ஒரு முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டும். நேரம், திசை, அடிவானத்திலிருந்து உயரம், நகர்ந்த விதம் ஆகிய நான்கையும் கேட்டுக் குறிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அன்றைய கிரக நிலை, விமானங்களின் போக்கு, கோத்த மணிபோல வரிசையாகச் செல்லும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ராக்கெட் ஆகியவற்றோடு அதை ஒப்பிட்டு, முடிவை, பிரான்ஸ் தேசத்தாரைப் போல, எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். விளங்காதது ஒன்று எஞ்சினால், விளங்கவில்லை என்றே எழுத வேண்டும்.

இதனோடு இணைந்த வேறு இரண்டு காரியங்களும் உண்டு. தொழிற்பேட்டைகளின் விளக்குகளுக்கு மூடி அமைத்து, ஒளியைத் தரை நோக்கித் திருப்புமாறு சிப்காட் விதி செய்ய வேண்டும். வானத்தை நோக்கி வீணாகும் வெளிச்சத்தால் எந்தத் தொழிலாளிக்கும் பாதுகாப்பு இல்லை, மின்சாரச் செலவு மட்டுமே உண்டு. லடாக்கின் ஹான்லேயைச் சுற்றிய பிரதேசம் 2022-இல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டதை இங்கே நினைவுகூரலாம். அந்த அளவுக்கு இருளைத் தொழில் நகரங்களில் எதிர்பார்க்க இயலாதெனினும், காவலூருக்குத் தெரியும் அடிவானத்தையாவது நாம் காக்கலாம். இரண்டாவதாக, இச்சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தொலைநோக்கி இருந்து, மாதத்தில் ஒரு மாலையேனும் மாணவரும் பெற்றோரும் அதன் வழியே பார்க்க வேண்டும். வியாழனை ஒருமுறை தொலைநோக்கியில் கண்ட பிள்ளை, ஆயுள் முழுதும் அதைப் பறக்கும் தட்டு என்று கொள்ளாது.

பசியும் வேலையின்மையும் இருக்கும் நாட்டில் இது அனாவசியச் செலவு என்ற ஆட்சேபத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ட்ரோன்களும் செயற்கைக்கோள்களும் மலிந்துவிட்ட இக்காலத்தில், வானத்தில் தெரிவது இன்னதென்று விரைந்து சொல்லும் திறமை ஆடம்பரமாகாது. 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்தின் மேல் தீக்கோடுகள் பாய்ந்து, சந்திரபூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் பெரிய உலோக வளையம் விழுந்தது. அது சீன ராக்கெட்டின் சிதைவு என்று பின்னர் நிபுணர்கள் கணித்தார்கள். அப்படி ஒன்று நம் ஊர் வயலில் விழுமானால், அதைத் தொடலாமா கூடாதா என்பதைக்கூட வாட்ஸ்அப் வதந்தியிடமா நாம் கேட்டறிய வேண்டும்?

பிரபஞ்சத்தில் நாம் தனித்திருக்கிறோமா என்ற கேள்விக்கு என்றேனும் ஒருநாள் மெய்யான விடை வரலாம். அது ஏதேனும் தொலைநோக்கியின் நிறமாலையில் மெல்லிய கோடாக வரலாம். யூரோப்பாவின் பனியிலிருந்து வரலாம். நாம் நினைத்தே பாராத வேறொரு வழியாகவும் வரலாம். எவ்வழியாக வந்தாலும், ஆயிரக்கணக்கான பொய்த் தோற்றங்களுக்கு நடுவே ஒன்றாகத்தான் அது வரும். கிரகத்தையும் விமானத்தையும் பிரித்தறியப் பழகாத சமூகம் அந்த மெய்யை அடையாளம் காணாது. சாட்சியை ஏளனம் செய்து பழகிய சமூகத்தின் காதில் அது விழவே விழாது. கண்டவரை மதித்துக் கேட்பதும், கேட்டதைத் தயங்காமல் சோதிப்பதும், சோதித்ததை ஒளிக்காமல் சொல்வதுமாகிய பழக்கத்தை ஒரு சமூகம் ஒரே நாளில் கற்றுவிட முடியாது. ஆகவே, அதற்குரிய ஸ்தாபனத்தை இன்றே தொடங்கும்படி தமிழ்நாடு அரசை வேண்டுகிறேன்.